பட்டறையும் பள்ளியும்: மரச்சிற்பி தகாமுரா கோவுனின் பயிற்சியும் எழுச்சியும் – ஒரு திறனாய்வு நோக்கு

1. முன்னுரை

ஜப்பானின் தற்காலச் சிற்ப வரலாற்றில் தகாமுரா கோவுன் (1852–1934) பெற்றுள்ள இடம் சற்று விந்தையானது. மெய்ஜி காலத்தில் அழிவின் விளிம்புக்குச் சென்ற மரச்சிற்பக் கலையை மீட்டவர் என்று அவரைப் போற்றுவது வரலாற்று நூல்களின் வழக்கம். ஆயினும், அவர் கலைஞரா, கைவினைஞரா என்னும் வினா தொடர்ந்து எழுப்பப்பட்டே வந்துள்ளது. அதனை அழுத்தமாக எழுப்பியவர் அயலார் அல்லர். அவருடைய மூத்த மகனும் சிற்பியும் கவிஞருமான தகாமுரா கோத்தாரோ (1883–1956) ஆவார். தந்தையின் கைத்திறனை ஐயத்துக்கு இடமின்றி ஏற்ற அவர், தந்தையைக் கலைஞர் என்று ஏற்கத் தயங்கினார். எதோ நகரத்துக் கைவினைஞர் மரபின் முழுமையான வடிவம் என்பதே மகன் தந்தைக்குத் தந்த இடம்.

இத்தீர்ப்பு ஒரு குடும்பத்தின் உள்விவகாரம் மட்டுமன்று. தன் கருத்தைச் சொல்லவோ புதியது புனையவோ இடம் தராத ஒரு பயிற்சி முறை, ஒரு படைப்பாளியை உருவாக்க வல்லதா என்பதே இதனுள் மறைந்திருக்கும் வினா. கலை கற்பிப்போர், மொழி கற்பிப்போர் ஆகிய இரு சாராரையும் தொடும் வினா இது. கோவுனின் பயிற்சிக் காலத்தையும் அவர் சிற்பியாக எழுந்த காலத்தையும், அதாவது 1863 முதல் 1893 வரையிலான முப்பது ஆண்டுகளை, இவ்வினாவின் அடிப்படையில் இக்கட்டுரை ஆராய்கின்றது.

இதற்கு முதன்மைச் சான்றாக அமைவது 1929இல் நூலாக வெளிவந்த அவருடைய நினைவுரைகள். அது முதுமையில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டுப் பிறரால் எழுத்தாக்கப்பட்டது. வெற்றி பெற்ற ஒருவர் தம் இளமையைத் திரும்பிப் பார்க்கும்போது இயல்பாகச் சேரும் ஒழுங்கு அதில் உண்டு. எனவே அதில் கூறப்படும் நிகழ்ச்சிகளை ஏற்கும் அதே வேளையில், அந்நிகழ்ச்சிகளின் பொருளை நாமே நிறுத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

2. பட்டறைப் பயிற்சி: தந்ததும் தராததும்

கோவுன் எதோ நகரின் ஷிதாயா பகுதியில், நாகாஜிமா என்னும் எளிய நகரக் குடும்பத்தில் பிறந்தார். 1863இல், ஜப்பானிய வழக்கப்படி எண்ணினால் பன்னிரண்டாம் வயதில், பௌத்தத் திருவுருவங்கள் செதுக்கும் தகாமுரா தோவுனிடம் மாணாக்கராகச் சேர்க்கப்பட்டார். முதலில் அவரைத் தச்சரிடம் அனுப்பவே ஏற்பாடாகியிருந்தது. புறப்படுமுன் முடி திருத்தச் சென்ற இடத்தில், தோவுன் ஒரு மாணாக்கனைத் தேடுகிறார் என்று நாவிதர் சொன்ன செய்தி அவர் வாழ்க்கையின் திசையை மாற்றியது. உள்ளார்வமோ இளமையில் வெளிப்பட்ட மேதைமையோ இங்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை என்பது கருதத்தக்கது. கலைஞர் வரலாறுகளில் நாம் எதிர்பார்க்கும் 'அழைப்பு' கோவுனின் கதையில் இல்லை; ஒரு தொழிலிடம் காலியாக இருந்தது என்பதே உள்ளது.

பயிற்சிக் காலம் பத்து ஆண்டு. அதன்மேல் நன்றிக்கடனாக ஊதியமின்றி உழைக்கும் ஓர் ஆண்டு. ஆகப் பதினோர் ஆண்டு. இக்காலத்தில் மாணாக்கன் ஆசிரியரின் வீட்டிலேயே வாழ்ந்து வீட்டு வேலைகளையும் செய்வான். கருவிகளைத் தீட்டுவது செதுக்குவதற்கு முந்திய கல்வி. செதுக்கும் பயிற்சியோ தெய்வ உருவில் தொடங்குவதில்லை. கோணங்களும் கட்டங்களும் மீண்டும் மீண்டும் வரும் கோல வடிவங்களை மரத்தில் பிழையின்றி வகுத்துச் செதுக்கிய பின்னரே, செல்வத் தெய்வமான தைக்கோக்கு போன்ற திரண்ட, எளிய உருவங்களுக்கு மாணாக்கன் செல்வான். அதன் பின்னரே அளவு இலக்கணமும் முகக்குறிப்பும் நுட்பமாக அமைய வேண்டிய புத்தர், போதிசத்துவர் உருவங்கள்.

இம்முறை எவற்றைத் தரவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். உயிருள்ள பொருளைப் பார்த்து வரையும் பயிற்சி அதில் இல்லை. புதிய உருவத்தைத் தானே கருக்கொள்ளும் உரிமை இல்லை. செய்த பொருளின்மேல் செய்தவன் பெயரும் இல்லை. ஒரு திருவுருவமே பல கைகளின் விளைவாக இருந்தது: உடலைச் செதுக்குவோர் ஒருவர், பீடமும் ஒளிவட்டமும் செய்வோர் வேறொருவர், அரக்கும் பொன்தகடும் பூசுவோர் மற்றொருவர். இதன் வேர் மிகப் பழமையானது. பல மரத்துண்டுகளை இணைத்து உருவம் சமைக்கும் முறையை முழுமைப்படுத்திய ஜோச்சோ, 1053இல் பியோதோ-இன் கோயிலின் அமிதாபரை அமைத்தார். 1203இல் உன்கெய், காய்கெய் முதலானோர் எட்டு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள இரு வாயிற்காவலர் உருவங்களை நாரா தோதாய்ஜி கோயிலுக்கு ஏறத்தாழ எழுபது நாளில் முடித்தனர் என்றால், அது பட்டறையின் கூட்டுழைப்பால்தான் இயன்றது. தொழில்நுட்பமே பலர் கையை வேண்டி நின்ற மரபில், 'இது யாருடைய படைப்பு?' என்னும் வினாவுக்கு இன்றைய பொருள் இருந்திருக்க இயலாது.

3. மரபின் சரிவும் ஐந்து திருவுருவங்களும்

கோவுன் பயிற்சியின் நடுவில் இருந்தபோது, 1868இல் புதிய அரசு ஷிந்தோ வழிபாட்டையும் பௌத்தத்தையும் பிரித்து ஆணையிட்டது. அதன் விளைவாக நாட்டின் பல பகுதிகளில் பௌத்தக் கோயில்கள் சிதைக்கப்பட்டன. திருவுருவங்களுக்கான தேவை குன்றியது. தாம் பதினோர் ஆண்டு கற்கும் தொழில், கற்று முடிப்பதற்குள்ளேயே வாழ்விடம் இழப்பதை ஒரு மாணாக்கர் காண நேர்ந்தது. 1874இல் பயிற்சி நிறைவெய்தியபோது அவர் கையில் இருந்தது, சந்தையில் விலைபோகாத ஒரு திறன்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுரைகளில் விரிவாக இடம்பெறுகின்றது. ஹோஞ்ஜோ பகுதியின் ஐந்நூறு அருகர் கோயிலில், சுழன்றேறும் அமைப்பினால் சங்குக் கூடம் என்று பெயர்பெற்ற மண்டபம் ஒன்று இருந்தது. அதில் நூறு கன்னோன் உருவங்கள் இருந்தன. மண்டபம் இடிக்கப்பட்டபோது, உருவங்கள் அவற்றின்மேல் இருந்த பொன்னுக்காக விற்கப்பட்டன. மரத்தை எரித்துச் சாம்பலிலிருந்து பொன்னைப் பிரிப்பதே வாங்கியவரின் நோக்கம். செய்தியறிந்து ஓடிச்சென்ற கோவுன், எரிப்பதற்குக் காத்திருந்த குவியலிலிருந்து ஐந்து உருவங்களைப் பிரித்தெடுத்தார். ஆசிரியர் அவற்றை விலை கொடுத்து மீட்டார். அவற்றுள் ஒன்று, பதினேழாம் நூற்றாண்டுத் துறவிச் சிற்பி ஷோவுன் கென்கெய் செய்தது. அதனைக் கோவுன் தமக்கெனப் பெற்று வாழ்நாள் முழுதும் வழிபட்டு வந்தார்.

இதனைப் பக்தியின் வெளிப்பாடாகவே பொதுவாக எடுத்துரைப்பர். அது பொருந்தும். எனினும், திறனாய்வு நோக்கில் இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. நூறு உருவங்களுள் ஐந்தை, அதுவும் நெருப்பு காத்திருக்கும் வேளையில், எவ்வாறு தேர்வது? அவ்வுருவங்கள் அவருக்குப் புதியன அல்ல. மாணாக்கராக இருந்த காலத்தில் அவர் பலமுறை சென்று பார்த்துப் பயின்றவை. எனவே எது சிறந்தது என்பதை அவர் அன்று முடிவு செய்யவில்லை; பல ஆண்டுப் பார்வையில் முன்னரே முடிவு செய்திருந்தார். கோவுனுக்கே உரிய கலைத்தீர்ப்பு முதன்முதலில் வெளிப்பட்ட இடம் அவர் செதுக்கிய உருவம் ஒன்றன்று. அவர் காப்பாற்றத் தேர்ந்த ஐந்து உருவங்களே எனலாம். சொந்தக் கருத்தைச் சொல்ல இடம் தராத பயிற்சி, சொந்தக் கண்ணை உருவாக்கியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

4. பெயரும் உரிமையும்

கோவுன் என்னும் பெயர் வந்த வரலாறே அவர் நிலையை விளக்கும். பயிற்சி முடிந்தபோது, இயற்பெயரில் இருந்த 'ஒளி' என்னும் எழுத்தோடு தம் பெயரின் 'முகில்' என்னும் எழுத்தை இணைத்து ஆசிரியர் அவருக்குக் கலைப்பெயர் வழங்கினார். தகாமுரா என்னும் குடும்பப் பெயரோ வேறு வழியில் வந்தது. 1873இல் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடும்பத் தலைமைக்கு உரிய வாரிசுகளுக்கு அதில் விலக்கு இருந்தது. பதினோர் ஆண்டுப் பயிற்சியின் பயன் படைமுகாமில் வீணாகாதிருக்க, ஆசிரியரின் தமக்கை அவரைத் தத்தெடுத்துக் கொண்டார். ஆக, உலகம் அவரை அறியும் பெயரின் இரு பகுதிகளும் பட்டறை வழங்கியவை.

1877இல் உவேனோவில் நடைபெற்ற முதலாவது தேசியத் தொழில் வளர்ச்சிக் கண்காட்சியில் தோவுனின் பெயரில் வெள்ளாடைக் கன்னோன் உருவம் ஒன்று வைக்கப்பட்டது. அது மிக உயர்ந்த பரிசைப் பெற்றது. அதனைச் செதுக்கியவர் கோவுன். இன்றைய அறத்தின்படி இதனை உழைப்புச் சுரண்டல் என்று கண்டிக்கலாம். ஆனால் நினைவுரைகளில் இதுபற்றிய மனக்கசப்பு இல்லை. பட்டறையிலிருந்து வெளிவரும் எப்பொருளும் ஆசிரியரின் பொருளே என்பது அவ்வுலகின் நியதி. ஆசிரியரின் கையை மாணாக்கன் கை முழுமையாக ஏற்றுக்கொண்டது என்பதற்கு அப்பரிசே அத்தாட்சி என்றும் கொள்ளலாம்.

எனினும், இங்கு ஒரு முரண் தோன்றிவிட்டதை மறுத்தற்கில்லை. கண்காட்சி என்பது பட்டறை அன்று. அது தனிமனிதப் பெயரைப் பதிவு செய்கிறது; ஒப்பிடுகிறது; தரவரிசைப்படுத்துகிறது; பரிசளிக்கிறது. கோயிலில் பெயரற்று நின்ற உருவம் கண்காட்சிக்கு வந்ததும் 'யார் செய்தது?' என்ற வினாவை எதிர்கொள்கிறது. இவ்வினா ஜப்பானிய மொழிக்கே புதியதொரு சொல்லோடு இணைந்தது. நுண்கலை என்று நாம் பொருள் கொள்ளும் 'பிஜுத்சு' என்ற சொல், 1873இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியில் பங்கேற்பதற்காகச் செய்த மொழிபெயர்ப்பின் வழியே வழக்குக்கு வந்தது. கோவுன் தொழில் பயிலத் தொடங்கியபோது கலைஞர், கைவினைஞர் என்ற பாகுபாட்டுக்கு அவருடைய மொழியில் இன்றைய சொல் இல்லை. பயின்று முடித்தபோது இருந்தது. தமிழிலும் கலை என்னும் சொல் அறுபத்து நான்கையும் உள்ளடக்கி நின்ற சொல் என்பதை இங்கு நினைவுகூரலாம். பாகுபாடு பிறக்குமுன் பயின்ற ஒருவரை, அது பிறந்த பின்னர் வந்த அளவுகோலால் அளப்பதில் உள்ள இடர்ப்பாட்டை மகனின் தீர்ப்பு கணக்கில் கொள்ளவில்லை.

5. தந்தத்தை மறுத்த ஆண்டுகள்

1879இல் தோவுன் மறைந்தார். தனித்து நின்ற கோவுன் எதிர்கொண்ட சந்தை மேலைநாட்டு வணிகர்களின் சந்தையாக இருந்தது. அவர்கள் விரும்பியது தந்தம். செதுக்குத் தொழிலர் பலர் தந்தத்துக்கு மாறினர்; அதில் நல்ல வருவாயும் இருந்தது. கோவுன் மாறவில்லை. மரத்தை விட்டுவிடுவதில்லை என்னும் உறுதியோடு, குடைக் கைப்பிடி போன்ற ஏற்றுமதிப் பொருள்களுக்கான வேலையையும், உலோக வார்ப்புக்கான மர மாதிரிகளையும் செய்து குடும்பத்தைக் காத்தார். தூய மரபைக் காத்த வீரராக அவரைச் சித்திரிப்போர், அவர் செய்த இச்சிறு வேலைகளைக் கடந்து சென்றுவிடுவர். அது சரியன்று. பொருளில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் உருவத்தில் எதையும் ஏற்றார். இவ்வேறுபாடு அவரைப் புரிந்துகொள்ளும் திறவுகோலாக அமைகின்றது.

உலோக வார்ப்புக்கான மாதிரி, கோயில் உருவத்தைப் போல அளவு இலக்கணத்தால் அமைவதில்லை. விலங்கும் பறவையும் மனிதரும் கண்டபடியே வர வேண்டும். பட்டறை தராத கல்வியை, அதாவது உயிருள்ளதைப் பார்க்கும் கல்வியை, கோவுன் இவ்வேலைகளின் வழியே தாமே தேடிக்கொண்டார். மேலைநாட்டு அச்சுப்படங்களைக் கூர்ந்து நோக்கினார். அரண்மனை அலங்காரத்துக்காக ஜப்பானியச் சின் வகை நாயைச் செதுக்க வேண்டியிருந்தபோது, உயிருள்ள நாயையே இரவல் பெற்று வைத்துப் பார்த்தார். 1889இல் அவர் காட்சிக்கு வைத்த குள்ளச் சாதிக் கோழிகள் பேரரசரின் கவனத்தைப் பெற்று அரண்மனைக்கு வாங்கப்பட்டன. கோயிலுக்கு இனி தேவைப்படாத கை, கோழியின் இறகில் தன் வேலையைக் கண்டது.

அவரை அறிமுகத்துக்குக் கொண்டுவந்தவர் தந்தச் சிற்பி இஷிகாவா கோமெய் (1852–1913) என்பது சுவையான செய்தி. கோவுன் சாளரத்தருகே அமர்ந்து செதுக்குவதைத் தெருவில் செல்லும்போதெல்லாம் நின்று பார்த்தவர் கோமெய். ஒரே ஆண்டில் பிறந்த இருவரும் பின்னர் நெருங்கிய நண்பராயினர். எந்தத் தந்தத்தை அவர் மறுத்தாரோ அந்தத் தந்தத்தில் புகழ்பெற்றவரே மரத்தின் மதிப்பை முதலில் கண்டுகொண்டார். தொழிலறிந்தவரைத் தொழிலறிந்தவரே அறிவர் என்பதற்கு இது சான்று.

6. பட்டறை பள்ளியான விதம்

ஜப்பானில் மேலைச் சிற்பக் கல்விக்கு அரசு முன்னரே வழிவகுத்திருந்தது. 1876இல் தொடங்கிய அரசுத் தொழில்நுட்பக் கலைப்பள்ளியில் இத்தாலியச் சிற்பி வின்சென்சோ ரகூசா களிமண்ணிலும் சுதையிலும் உருவமைக்கக் கற்பித்தார். அப்பள்ளி 1883இல் மூடப்பட்டது. 1889இல் தோக்கியோ கலைப்பள்ளி வகுப்புகளைத் தொடங்கியபோது காற்று எதிர்த்திசையில் வீசியது. ஒகாகுரா தென்ஷினின் எண்ணப்படி அங்குச் சிற்பம் என்றால் தொடக்கத்தில் மரச்சிற்பமே.

ஒகாகுரா கோவுனை ஆசிரியராக அழைத்தார். தாம் முறையான கல்வி பெறாதவர், பள்ளியில் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று கோவுன் தயங்கினார். வீட்டுப் பட்டறையில் செய்வதையே பள்ளியில் வந்து செய்தால் போதும், மாணவர் அதனைப் பார்த்துக் கற்பர் என்பது அவருக்குக் கிடைத்த விடை. 1890இல் அவர் பேராசிரியரானார். அதே ஆண்டில் அரண்மனைக் கலைஞர் என்னும் உயர்தகுதியும் பெற்றார். நாரா காலத்து அரசவை உடையைப் பின்பற்றி அமைத்த பள்ளிச் சீருடையை அணிந்து தெருவில் நடக்க அவர் கூசினார் என்பதையும் நினைவுரைகள் மறைக்கவில்லை. மரபு அவருக்கு உடையில் இல்லை, கையில் இருந்தது.

பட்டறையில் செய்வதைப் பள்ளியில் செய்தால் போதும் என்ற கூற்று எளிமையாகத் தோன்றினும் உண்மையில் அது இயலாதது. பட்டறையில் மாணாக்கன் விற்கப்படும் பொருளின்மேல் வேலை செய்து கற்கிறான். பள்ளியில் பயிற்சிக்காகவே செதுக்குகிறான். அங்குப் பதினோர் ஆண்டு; இங்குச் சில ஆண்டு. அங்குப் பிழை செய்தால் ஆசிரியரின் பொருள் கெடும். இங்கு மதிப்பெண் குறையும். வாங்குவோரின் கண் என்னும் கண்டிப்பு வகுப்பறையில் இல்லை. எனினும் ஈட்டமும் உண்டு. பட்டறை தராத பெயர், வரைதல், வரலாற்றறிவு ஆகிய மூன்றையும் பள்ளி தந்தது. யோனெஹாரா உன்காய் (1869–1925), யாமாசாகி சோவுன் (1867–1954), ஹிராகுஷி தென்ச்சூ (1872–1979) ஆகியோர் கோவுனிடம் கற்றுத் தம் பெயரில் நின்றனர். இவர்களுள் தென்ச்சூ, கபுக்கி நடிகர் ஆறாம் ஓனோஎ கிக்குகோரோவை மாதிரியாகக் கொண்ட 'காகாமிஜிஷி' உருவத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 1958இல் முடித்தார். ஆசிரியரின் பெயரில் பரிசு பெற்ற ஒரு மாணாக்கர், தம் மாணவர்களைத் தம் பெயருக்கு வெளியே நிற்கவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

7. 'முதுகுரங்கு': ஒரு மதிப்பீடு

சிகாகோ உலகக் கண்காட்சிக்காக 1893இல் முடிக்கப்பட்ட 'ரோஎன்', அதாவது முதுகுரங்கு, கோவுனின் எழுச்சிக் காலத்தின் முகடு. தொச்சி மரத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்வுருவம் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கழுகோடு போராடி முடித்த கிழக்குரங்கு ஒன்று, கையில் கழுகின் இறகுகளைப் பற்றியபடி பாறைமேல் அமர்ந்து, தப்பிச்சென்ற பகையை நோக்கி முகத்தை உயர்த்தியுள்ளது.

இவ்வுருவம் பிறந்த முறையே கவனத்துக்குரியது. தொச்சி மரம் வெண்மையானது என்று எண்ணி, வெண்குரங்கு ஒன்றைச் செதுக்கவே கோவுன் முதலில் கருதியிருந்தார். தோச்சிகி மாநிலத்திலிருந்து பெருமரத்தைக் கொண்டுவந்து வெட்டிப் பார்த்தபோது உள்ளே பழுப்பு நிறம் இருந்தது. மரத்தை மாற்றாமல் அவர் கருத்தை மாற்றினார். காட்டில் வளர்ந்த முரட்டுக் கிழக்குரங்கு தோன்றியது. களிமண்ணுக்கு இத்தகைய மறுமொழி இல்லை. அது சிற்பியின் கருத்துக்கு எதிர்நிற்பதில்லை. மரமோ தனக்கென ஒரு நிறமும் நரம்பும் கொண்டது. கருத்து முதலில், பொருள் பின்னர் என்னும் மேலைக் கலைக்கல்வியின் வரிசையைக் கோவுனின் கை இங்குத் தலைகீழாக்குகிறது. பொருளோடு உடன்பட்டுக் கருத்தைக் காணும் இந்த இயல்பு பட்டறையில் கற்றது.

குரங்கின் மயிர்த்திரளும் இங்ஙனமே. உயிருள்ள குரங்கை இரவல் பெற்று அவர் நோக்கினார் என்றாலும், உருவத்தில் நாம் காண்பது மயிரின் நகல் அன்று. உளியின் ஓட்டம் மயிரின் ஓட்டமாகவும் நிற்கிறது. அதே வேளையில் உளியின் ஓட்டமாகவும் தெரிகிறது. கோயில் உருவத்தில் அரக்கும் பொன்னும் மூடி மறைக்கும் உளித்தடம் இங்கு மூடப்படவில்லை. பார்த்துச் செதுக்கும் புதிய கல்வியும் வகுத்துச் செதுக்கும் பழைய கல்வியும் ஒரே பரப்பில் கூடும் இடம் இதுவே.

இவ்வுருவம் செய்யப்பட்டுக்கொண்டிருந்த 1892இல் கோவுனின் மூத்த மகள், ஜப்பானிய வழக்கப்படி பதினாறு வயதில், இறந்தார். ஓவியம் பயின்றுவந்த பெண். பறிகொடுத்தது எது என்று வானை நோக்கும் முகத்தில் தந்தையின் துயரைக் காணும் விளக்கங்கள் உண்டு. அதனை உறுதியாகக் கூறுவதற்கில்லை. கோவுன் தம் துயரைச் சிற்பத்தில் சொன்னேன் என்று கோரியவரும் அல்லர். ஆயினும், வெற்றி தோல்வி இரண்டும் தெளிவாகாத ஒரு கணத்தை அவ்வுருவம் பிடித்துள்ளது என்பதில் ஐயமில்லை. வேண்டுவோர் கேட்ட பொருளை அவ்வாறே செய்து தரும் கைவினைஞனின் வேலை மட்டும் அது என்று சொல்ல இயலாது.

குறையையும் சொல்ல வேண்டும். இதே காலத்தில் பள்ளி ஏற்ற பெரும்பணிகளான குசுநோக்கி மசாஷிகே உருவமும் (1900இல் நிறுவப்பட்டது), உவேனோ பூங்காவின் சாய்கோ தகாமோரி உருவமும் (1898) கோவுனின் பொறுப்பில் உருவாயின. முன்னதன் குதிரையையும் பின்னதன் நாயையும் செய்தவர் கோத்தோ சதாயுக்கி. பலர் கை கூடும் பட்டறை நியதி இங்கும் தொடர்ந்தது. ஆனால் கோயில் உருவத்தில் பல கைகளை ஒன்றாக்கிய அளவு இலக்கணம் இப்புதிய நினைவுச் சின்னங்களுக்கு இல்லை. அவை மதிப்புக்குரியவை, முதுகுரங்கின் செறிவு அவற்றில் இல்லை.

8. மகனின் தீர்ப்பு

கோத்தாரோ தந்தை கற்பித்த பள்ளியிலேயே பயின்று, 1906 முதல் 1909 வரை நியூயார்க், லண்டன், பாரிஸ் ஆகிய நகரங்களில் வாழ்ந்து, ரொதானின் கலையில் தோய்ந்து திரும்பினார். நாடு திரும்பிய மகனிடம், வெண்கல உருவங்கள் செய்து தரும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கலாம் என்று தந்தை முன்மொழிந்தார். மகன் திகைத்தார். ஒருவருக்கு அது குடும்பத் தொழிலின் இயல்பான வளர்ச்சி. மற்றவருக்கோ கலையை விலைபேசல். கோத்தாரோவின் தீர்ப்பு இப்பிளவிலிருந்து எழுந்தது. தம் காலத்தில் அவர் அவ்வாறு சொல்ல வேண்டியிருந்தது என்பதையும் நாம் ஏற்கலாம். தந்தையை மறுக்காமல் அவர் சிற்பியாகியிருக்க முடியாது.

ஆயினும் அவர் கை வேறொன்று சொன்னது. 1924ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோத்தாரோ மீண்டும் மரத்துக்குத் திரும்பினார். சில்வண்டு, மாதுளை, 1926இல் கெளிறு எனச் சிற்றுருவங்களைச் செதுக்கினார். அவருடைய மிகச்சிறந்த படைப்புகளுள் இவையும் அடங்கும். களிமண்ணில் ரொதானிடம் கற்ற பருமையுணர்வும், மரத்தில் தந்தையிடம் கற்ற வெட்டின் உறுதியும் இவற்றில் ஒன்றாகின்றன. தந்தையைக் கைவினைஞர் என்று வரையறுத்த மகன், கைவினையின் வழியே தம் கலையின் ஒரு பகுதியை மீட்டார். தந்தை மறைந்த மறு ஆண்டு, 1935இல், அவர் தந்தையின் மார்பளவு உருவத்தை வெண்கலத்தில் அமைத்தார். எழுத்தில் தந்த தீர்ப்பைவிட அம்முகத்தை நோக்கிய கண் கனிவானது.

9. முடிவுரை

கோவுனின் முப்பது ஆண்டுகளிலிருந்து இக்கட்டுரை பெறும் முடிவுகள் மூன்று. முதலாவது, கைவினைஞராக இருந்து கலைஞராக உயர்ந்தார் என்னும் வழக்கமான கதை பொருந்தாது. அவர் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குச் செல்லவில்லை. அவரைச் சுற்றியிருந்த சொற்களும் நிறுவனங்களுமே மாறின. இரண்டாவது, பின்பற்றிச் செய்யும் பயிற்சி கண்ணைக் குருடாக்கும் என்பது பொதுவிதி அன்று. எரியூட்டப்படவிருந்த குவியலில் ஐந்து உருவங்களைத் தேர்ந்த கண், கோல வடிவங்களைப் பதினோர் ஆண்டு வகுத்த கண்ணே. மூன்றாவது, அப்பயிற்சியைப் பொற்காலமாக்குவதும் பிழை. அது பெயரைத் தரவில்லை, வரையக் கற்பிக்கவில்லை, தொழில் சரிந்தபோது மாற்றுவழி காட்டவும் இல்லை. அவற்றைக் கோவுன் குடைக் கைப்பிடியிலும் கோழியிலும் நாயிலும் தாமே தேடிக் கற்க வேண்டியிருந்தது.

மனனம், பின்பற்றல், திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவற்றைக் கல்வியிலிருந்து முற்றாக விலக்க வேண்டும் என்போரும், அவையே போதும் என்போரும் நம்மிடையே உள்ளனர். இரு சாராருக்கும் முதுகுரங்கு ஒரே விடையைத் தருகிறது. பழக்கம் கையை உருவாக்கிற்று. பழக்கம் பயன்படாமற்போன காலம் அக்கையைப் பார்க்க வைத்தது. வெண்குரங்கைக் கருதி வெட்டிய மரம் பழுப்பாக இருந்தபோது கருத்தை மாற்றிக்கொள்ளும் துணிவு, மரத்தை நன்கு அறிந்தவருக்கே வரும்.